அரசப்பன் கம்பமும் ஆலாப் பறவைகளும்

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பங்குனி, 1979)

இந்த மாலைக்குத் தலைமை தாங்கி, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியனுக்கும் ஒலிபெருக்கியின் முன்னே ஓர் இடம் தந்திருக்கும் மன்றத் தலைவர் ராஜமாணிக்கம் அவர்களே! முன்வரிசையை நிறைத்து என் முதுமைக்குத் துணை சேர்க்கும் மூத்தோர்களே! பகலெல்லாம் இரும்போடு போராடிவிட்டு, மாலையில் என் பேச்சோடும் போராட வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பந்தலின் இடப்பக்கம் முழுவதையும் தமதாக்கிக்கொண்ட தாய்மார்களே! படகைக் கரையில் கட்டிவிட்டுப் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர் தாவீது அவர்களே! திருவள்ளூரிலிருந்து நான் எடுத்துவந்த வணக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘உழைப்பே உயர்வு’ என்று அச்சாகியிருக்கிறது. உழைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது, மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது. ஆகவே செயலாளர் பச்சையப்பனிடம், “தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா, தம்பி?” என்று கேட்டேன். “நீங்க இன்னா வேணா பேசுங்க சார், பாட்டுக் கச்சேரிக்கு முன்னாடி முடிச்சிருங்க” என்றார். இப்படி ஒரு பேச்சுரிமை எந்த நாட்டில் கிடைக்கும்?

ஆகவே ஒரு பறவையைப் பற்றிப் பேசுகிறேன். ஆலா என்று பெயர். மே தினத்தன்று பழவேற்காட்டு முகத்துவாரத்தை ஒட்டிய கொம்புத்திட்டில் நீங்கள் படகைவிட்டு இறங்கும்போது, தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுமே, அதுதான். ஆலாக்களில் பல வகை உண்டு. நான் சொல்வது மிகச் சிறியது. இரு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. மஞ்சள் அலகு. நெற்றியில் மட்டும் வெள்ளையை விட்டுவிட்டுத் தலையில் ஒரு கறுப்புத் தொப்பி.

அது மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆலையில் கிரேன் கொக்கி இறங்குவதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். கொக்கி ஊசலாடும். கீழே ஒருவர் நின்று ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கை காட்ட வேண்டும். இந்தப் பறவைக்குக் கை காட்ட யார் இருக்கிறார்கள்? காற்றில் நின்ற இடத்தில் நிற்கும். குறி பார்க்கும். குனியும். குண்டூசி போல் குத்திட்டுத் தண்ணீரில் விழும். எழும்போது அலகில் ஒரு வெள்ளி மின்னும்.

தாவீது என்னிடம் சொன்னதை அவர் சொற்களிலேயே சொல்கிறேன்: “ஆலா எங்க எறங்குதோ அங்கதான் சார் வலையத் திருப்புவோம். நீங்க மூக்குமேல கண்ணாடி மாட்டிக்கினு தேடுறீங்க. எங்களுக்கு அதுதான் சார் கண்ணாடி.”

இத்தனை திறமையுள்ள பறவை கூடு கட்டுவதில் எப்படி? அதையும் அவரிடமே கேட்டேன். சிரித்தார். “ஊடா? அது இன்னா சார் ஊடு கட்டும்? மணல்ல காலால ஒரு தேய்ப்பு தேய்க்கும். அவ்ளோதான், கிரகப்பிரவேசம் முடிஞ்சிது.”

கூரை இல்லை, குச்சி இல்லை, மறைவு இல்லை. மணல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டைகள், வெறும் மணலில். அப்படியானால் அதற்குப் பாதுகாப்பு எது? வெட்டவெளிதான் பாதுகாப்பு. மரமில்லாத, மேடில்லாத, உட்கார்ந்து வேவு பார்க்க எவனுக்கும் ஓர் இடமில்லாத வெட்டவெளி. எதிரி வந்தால் பறந்துதான் வர வேண்டும். பறந்து வந்தால் ஆலாக்கள் எல்லாம் திரண்டெழுந்து விரட்டிவிடும். அது அவர்களின் சங்கம். ஆமாம் தோழரே, உங்கள் சங்கத்தைவிடக் கட்டுப்பாடான சங்கம்தான். அங்கே கூட்டத்துக்கு வராதவர்கள் இல்லை!

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்னேரியில் ஆசிரியனாக இருந்தேன். அப்போது இந்தக் கரையில் நான் அறிந்த அளவில் மூன்று இடங்களில் இவை முட்டையிட்டன. ஒன்றில் சவுக்குத் தோப்பு வந்தது. ஒன்றைப் பெருவெள்ளம் கரைத்துக்கொண்டு போனது. எஞ்சியது கொம்புத்திட்டு. அன்று அங்கே அவை எழுந்தால், ஓர் ஊரின் வேட்டிகளையெல்லாம் ஒரே கொடியில் காயப்போட்டதுபோல் வானம் வெளுக்கும். போன ஆண்டு எழுந்தபோது ஒரே வீட்டு வேட்டிகள்தான் காய்ந்தன.

ஏன் குறைந்தன? காரணம் கேட்டு நான் அலையவே வேண்டியிருக்கவில்லை. பழவேற்காட்டு டீக்கடையில் இரண்டு காரணங்கள் என் எதிரிலேயே சண்டை போட்டன.

“உங்க கம்பெனித் தண்ணியாலதான் நைனா இந்தப் பேஜாரு” என்றார் தாவீது.

“நீங்க முட்டைய அள்ளிக்கினு போயி ஆம்லேட் போட்டுத் துன்னுட்டு, பழிய எங்க மேல போடுறீங்களா?” என்றார் நம் பச்சையப்பன்.

“அது இன்னா கோழி முட்டையா? கோலிகுண்டு சைஸு. ஒரு ஆம்லேட்டுக்கு ஒரு கூடை வேணும். நீயே போய்ப் பொறுக்கிக்கினு வா, நான் வெங்காயம் நறுக்கி வெக்கிறேன்.”

கை தட்டாதீர்கள். இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள், மறுபடி தொடங்கிவிடுவார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். தண்ணீர் கெட்டால் மீன் குறையும். முட்டையை எடுப்பவர்களும் உண்டு. ஆனால் குறைந்தது போக எஞ்சியவையாவது பெருகுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாத்தியார் பிழைப்பில் பழகிய ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு நிரம்பி வழிகிறது. ஒன்பதாம் வகுப்பில் உட்கார இடமில்லை. வாசலில் நின்று பார்ப்பவர் என்ன சொல்வார்? ‘ஆகா, செழிப்பான பள்ளி’ என்பார். உள்ளே போய் ஒன்றாம் வகுப்பைத் திறந்து பாருங்கள். ஒரு பிள்ளைகூட இல்லை. போன ஆண்டும் சேரவில்லை, அதற்கு முந்தின ஆண்டும் சேரவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இன்றைக்கு மூடப்படாது, நாளைக்கும் மூடப்படாது. மணி அடிக்கும், பாட்டு கேட்கும். ஆனால் அதன் பூட்டு எங்கோ ஒரு கடையில் விலைக்கு வந்துவிட்டது.

ஆலா சின்னப் பறவைதான், ஆனால் பல ஆண்டுகள் வாழும் பறவை. இன்று வானத்தில் பார்ப்பது பத்தாம் வகுப்பு. நாம் பார்க்க வேண்டியது ஒன்றாம் வகுப்பை. அதாவது, குஞ்சுகளை.

ஆகவே போன வைகாசியில் தாவீதின் படகில் போனேன். திட்டில் கால் வைக்கவில்லை. நாம் நடந்தால் தாய்ப்பறவை எழுந்துவிடும், அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். படகிலேயே உட்கார்ந்து பார்த்தோம். ஓர் ஆலா மீனோடு வந்தது. மணலில் ஒரு புள்ளி அசைந்தது, அதுதான் குஞ்சு. மீனை ஊட்டிவிட்டு ஆலா பறந்துபோனது. அடுத்த கணம் மேலிருந்து ஒரு காக்கை இறங்கியது. நேராக அந்தப் புள்ளிக்கே போனது. தேடவில்லை, தடுமாறவில்லை. எடுத்துக்கொண்டு போனது.

வெட்டவெளியில் காக்கைக்கு எப்படித் தெரிந்தது? அது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எதன் மேல் உட்கார்ந்திருந்தது?

தோழர்களே, இங்கேதான் என் நாக்கு தடுக்குகிறது. அரசப்பன் கம்பத்தின் மேல்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மன்றத்தைத் தொடங்கியவர் அரசப்பன். மே தினத்துக்குக் கொம்புத்திட்டுக்குப் போகும் வழக்கத்தை உண்டாக்கியவரும் அவரே. இரண்டாண்டுகளுக்கு முன், தை மாதத்தில், மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு மே தினத்துக்கு நீங்கள் அவர் பெயரில் ஓர் இரும்புக் கம்பம் செய்தீர்கள். உச்சியில் ஒரு சக்கரம், அழகான ஆரங்களோடு. பச்சையப்பன் தன் கையால் பற்றவைத்தது. படகில் ஏற்றிப்போய், சிமெண்ட் போட்டுத் திட்டின் நடுவே நட்டீர்கள். அன்பால் செய்தீர்கள், அருமையாகச் செய்தீர்கள். ஆனால் ஒரு காக்கை உட்கார அதைவிட வசதியான நாற்காலியை யாரும் செய்ததில்லை.

காக்கையைக் குற்றம் சொல்வோமா? அதற்கும் எங்கோ ஒரு கூட்டில் குஞ்சு காத்திருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வோமா? நீங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் போகிறீர்கள். நூறு பேர் ஆடிப்பாடும் இடத்தில் காக்கை எப்படி உட்காரும்? நீங்கள் பார்த்திருக்க முடியாது. பார்த்தவர் தாவீது. “பிடுங்கிப் போட்டிருக்கலாமே?” என்று அவரைக் கேட்டேன். “செத்தவரு பேர்ல நிக்கிற கம்பம் சார். நான் கை வெச்சா உங்க ஆளுங்க சும்மா வுடுவாங்களா? அதுவும் போவட்டும். அவரு எனக்கும் சிநேகிதரு சார்” என்றார். கடலோரத்தார் மரியாதையால் தொடவில்லை. ஆலைத் தொழிலாளர் அறியாமல் தொடவில்லை. ஒரு மரியாதைக்கும் ஓர் அறியாமைக்கும் நடுவே இரண்டு ஆண்டுக் குஞ்சுகள் போயின.

இது பங்குனி. ஆலாக்கள் திட்டுக்கு வந்து ஜோடி சேரத் தொடங்கிவிட்டன. இன்னும் முட்டையிடவில்லை. இந்த வாரம் எடுத்தால் எடுத்ததுதான். முட்டையிட்ட பிறகு எடுக்கப் போனால், எடுக்கப் போகிற கால்களே எமனாகும். ஆகவேதான், தோழர்களே, கேட்கிறேன். அந்தக் கம்பத்தை எடுக்க வேண்டும்.

சலசலப்பு வரும் என்று தெரியும். பின்வரிசைத் தோழர் கேட்டது காதில் விழுந்தது. ‘ஒரு குருவிக்காக அண்ணன் கம்பத்தைப் புடுங்குறதா?’ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அரசப்பனின் மனைவி முத்தம்மா தாய்மார்கள் வரிசையில் இருக்கிறார். இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், இப்போது உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘கூடாது’ என்றும் சொல்லவில்லை. “மீட்டிங்குல சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்றார். அவர் ‘கூடாது’ என்றால் நான் இத்தோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

என்ன அம்மா? எழுந்து நிற்கிறீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒலிபெருக்கியில் சொல்கிறேன்.

“அந்த எடத்துக்கு நான் ஒரே ஒரு தபாதான் போனேன், கம்பம் நட்ட அன்னிக்கு. படகுல ஏறினா எனக்கு வாந்தி வரும். அங்க அவரு பேர்ல கம்பம் நிக்கிதுன்னு கேள்விப்பட்டுக்கினுதான் இருக்கேன்.” சொல்லுங்கள் அம்மா. “எங்க நடலாம்னு அன்னிக்கு யாரும் என்னக் கேக்கல. இன்னிக்கு வாத்தியாரு கேக்குறாரு.”

அமைதியாக இருங்கள், தோழர்களே. அம்மா இன்னும் முடிக்கவில்லை. என்ன தம்பி? அது அண்ணனுக்குப் பிடித்த இடமாயிற்றே என்கிறீர்களா? அதற்கும் பதில் வருகிறது, கேளுங்கள்.

“புடிச்ச எடந்தான். நீ அப்ப வேலைக்கே வரல, உனக்குத் தெரியாது. அவரு அங்க கம்பம் இன்னா, ஒரு குச்சிகூட நட்டதில்ல. படகுத் துடுப்புலதான் கொடியக் கட்டுவாரு. பொழுது சாஞ்சா அவுத்து, மடிச்சி, எடுத்துக்கினு ஊட்டுக்கு வந்துருவாரு. எச்சி இலைய வுட்டுட்டு வந்தாங்கன்னு உங்க ஆளுங்களத் திட்டிக்கினே வருவாரு.”

தாவீது தலையை ஆட்டுகிறார். பச்சையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கடைசிச் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். “கம்பத்த எடுத்துக்கினு வாங்க. மன்றத்து வாசல்ல நடுங்க. ஷிப்டுக்குப் போறவங்க தெனம் பாக்கட்டும். நானும் கடைக்குப் போவும்போது பாத்துக்கினு போறேன்.”

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்குள் பச்சையப்பன் எழுந்துவிட்டார். “நான் வெச்சத நானே எடுக்கறேன் சார். சிமெண்ட்டையும் சேத்துப் பேத்து எடுத்துருவேன். ஞாயித்துக்கெழம படகு கெடைக்குமான்னு அவரக் கேளுங்க.” தாவீது இங்கிருந்தே சொல்கிறார்: “விடியறதுக்கு முன்ன வா. வெங்காயம் கொண்டாராத.” தலைவரின் சீட்டையும் படித்துவிடுகிறேன்: மே தினம் முட்டைக் காலம் என்பதால், இந்த ஆண்டு மே தினக் கொடி மன்ற வாசலிலேயே ஏறும், திட்டுக்குப் படகு போகாது.

தோழர்களே, உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பம் போனால் ஆலா பெருகிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தண்ணீர் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, நாய் இருக்கிறது, நாளை யாராவது அந்தத் திட்டிலும் சவுக்கு நடலாம். குறைய எடுத்துக்கொண்ட காலத்தைவிடப் பெருக எடுக்கும் காலம் நீண்டது. நான் பார்க்காமலே போகலாம். ஆனால் இந்தக் கரையில் இத்தனை காலம் இதைப் பற்றி நடந்த பேச்சில் எல்லோரும் அடுத்தவர் செய்ததைத்தான் சொன்னார்கள். தாங்கள் நட்டதைத் தாங்களே எடுக்கிறோம் என்று ஒரு கூட்டம் எழுந்து சொல்லி நான் கேட்டது இன்றுதான்.

நன்றி கூறி அமர்வது மேடை மரபு. முதல் நன்றி, முத்தம்மாவுக்கு. அடுத்தது, இரும்பைச் சேர்க்கவும் தெரிந்து பிரிக்கவும் துணிந்த உங்கள் கைகளுக்கு. அந்தப் பறவைகளின் சார்பில் நன்றி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவை இந்த ஞாயிற்றுக்கிழமையும் நம்மைப் பார்த்ததும் தலைக்கு மேல் சுற்றித் திட்டத்தான் போகின்றன. திட்டட்டும். வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடுங்கள்.

எல்லோருக்கும் என் வணக்கம்.