ஸ்கிரீனைப் பொத்தி வச்சேன்

இல்லண்ணா, டிவி மாதிரி இருக்குமே, அது இல்ல. அது பத்திரமா வீட்ல இருக்கு. போர்வை சுத்தி பீரோ மேல ஏத்தி வச்சிருக்கேன். நான் தேடறது கம்ப்யூட்டரோட பெட்டி. கறுப்புப் பெட்டி, இவ்ளோ உயரம், முன்பக்க மூடி உடைஞ்சிருக்கும். காலைல உங்க வண்டிக்காரர் பழைய சாமான் கேட்டு வந்தாரு, நானே தூக்கிக் குடுத்தேன். என் கையாலயே!

சிரிக்காதீங்கண்ணா. உங்களுக்கென்ன, கடை பூரா கம்ப்யூட்டர். எனக்கு எப்படித் தெரியும்? எழுத்து தெரியறது ஸ்கிரீன்ல, படம் தெரியறது ஸ்கிரீன்ல. அப்ப எல்லாம் அதுக்குள்ள தானே இருக்கும்? பெட்டி மேசைக்கு அடியில கெடந்து ஙொய்யினு கத்திக்கிட்டு இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைப்பாங்களே, அந்த மாதிரி ஏதோன்னு நினைச்சுட்டேன். கொஞ்ச நாளா ஆன் ஆகவும் இல்ல. சனியன் தொலையட்டும், புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்னு இருந்தேன்.

தங்கச்சி மக வந்தா. தலைல அடிச்சுக்கிட்டா. பெரியம்மா, ஸ்கிரீன் சும்மா காட்டும், அவ்ளோதான், வச்சிருக்கிறது பூரா பெட்டிக்குள்ள ஹார்ட் டிஸ்க்ல இருக்குன்னா. போட்டது போட்டபடி இங்க ஓடி வந்தேன்.

ஐயோ, உங்க கடை ஆளு சுத்தியல எடுக்கறாரே! நிறுத்தச் சொல்லுங்கண்ணா! ...ஓ, அது மிக்சியா. சரி சரி, உடைங்க.

என்ன இருக்குன்னா, எங்க வீட்டுக்காரர் பேசிப் பதிஞ்சு வச்சிருக்காரு. பாட்டும் இல்ல கீட்டும் இல்ல, வெறும் பேச்சு. அது வேணும். புரோகிராம் போனா யாராவது மறுபடி ஏத்திக் குடுத்துடுவாங்களாம். இது போனா போனதுதானாம். கரண்ட் போனாலும் அழியாதாம், ஆனா சுத்தியல் பட்டா அவ்வளவுதானாம். பெட்டி நசுங்கியிருந்தாலும் பரவால்லண்ணா. உள்ள உள்ளங்கை அகலத்துக்குக் கனமா ஒண்ணு இருக்கும், அது முழுசாக் கெடைச்சாப் போதும். அந்த மூலைய இன்னொரு தடவை பாத்துடலாமா?

யாரு, நீலச் சட்டையா? அவர்தான் எங்க வீட்டுக்காரர். வந்ததுலேருந்து குனிஞ்ச தலை நிமிரல. தகரம் கிழிச்சுக் கையெல்லாம் ரத்தம். சொன்னாக் கேட்டாத்தானே.

நீங்க கேக்கறது நியாயம்தான். ஆளு கண்ணு முன்னாடியே நிக்கறாரு, மறுபடி பேசச் சொல்லிப் பதிஞ்சுக்க வேண்டியதுதானே. வேணாண்ணா, அவரக் கூப்பிட்டுக் கேட்றாதீங்க. பாவம். தொண்டைல கட்டின்னு குரல்வளையவே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி கதவச் சாத்திக்கிட்டு உக்காந்து பேசி வச்சாரு. என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியாது. தைரியம் வரட்டும், வரட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இன்னும் ஒரு தடவை கூடப் போட்டுக் கேக்கலண்ணா.