அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம்

அதுக்கில்லக்கா, அந்தப் பொட்டலத்த மட்டும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போங்களேன். கருவாடு பாருங்க, கப்பல்ல பக்கத்துல உக்கார்றவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க... ஆமா, நீங்களும் கடக்கரையில பொறந்தவங்கதான். பழகின வாசந்தான். இல்ல, அந்தக் கரையில இறங்கினதும் சோதனையில பிடுங்கிட்டா? ஓ, மீன்துறை அதிகாரின்னா விட்டுருவாங்களா. சரி சரி.

எங்கம்மா அப்படித்தான்க்கா. யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. மத்தியானம் வீட்டுல சாப்பிட்டீங்களே, நான் தட்டு கழுவப் போன நேரத்துல உங்க பையில திணிச்சிருக்காங்க. குஞ்சு மீன் தப்பிக்கணும், பெரிய கண் வலைதான் போடணும்னு ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டதெல்லாம் அவங்களுக்கு எங்க தெரியும்? பொடிசுதான் ருசின்னு பொறுக்கிப் பொறுக்கிக் கட்டியிருப்பாங்க.

என்ன, காலையிலேருந்து நான் உங்க மூஞ்சியவே பாக்கலையா? கூச்சந்தான்க்கா. பெரிய கண் வலை போடுற படகு ஒண்ண உங்களுக்குக் காட்டுன்னு எங்க மீன்துறை ஆபீஸ்ல சொன்னப்பவே பாதி செத்தேன். நீங்க வலைக்கண்ணுக்குள்ள தகட்ட விட்டு அளந்துட்டு ஒண்ணு சொன்னீங்க பாருங்க. பெரிய கண் வலையால உங்க தம்பி பாதி மீனோட வந்து தெனமும் உங்களத் திட்டுறாராம், இந்தக் கரையிலயும் இதே வலைதான்டான்னு இனி தைரியமா சொல்வீங்களாம். அதுக்கப்புறம் எங்க நிமிர்றது?

பிரிக்கிறீங்களா? பிரிங்க. முழுப் பூசணிக்காய எவ்வளவு நேரந்தான் சோத்துல மறைக்கிறது.

ம். சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும். பொடி மீன் ஜாதின்னு சொல்லிரலாமான்னு பாத்தேன். வேற யார்கிட்டயாவது சொல்லலாம், உங்ககிட்ட எடுபடுமா? விட்டிருந்தா முழங்கை நீளம் வளர்ற மீனு.

கடையில வாங்கினது இல்லக்கா. மாதிரிப் படகுன்னு படம் எடுத்துக்கிட்டீங்களே, அது எங்கப்பாவோடது. அதுல வந்ததுதான்.

நீங்க அளந்த அந்த வலையா? அது இன்னும் கடல் தண்ணியே பாக்கல. தெனமும் போற வலை, நீங்க டீ குடிக்க உக்காந்தீங்களே தார்ப்பாய், அதுக்கு அடியில கெடந்துச்சு. மெத்து மெத்துன்னு இருக்குன்னு வேற சொன்னீங்க.

கப்பல் சங்கு ஊதிட்டான்க்கா, கெளம்புங்க. பொட்டலத்தையும் எடுத்துக்கோங்க, உங்க தம்பிகிட்ட காட்டணும்னா காட்டுங்க. காலையில அந்தப் புது வலையில கடையோட விலை அட்டை தொங்கிட்டிருந்துச்சு. நீங்க படகுத்துறைக்குள்ள நுழையுறீங்க, கையில கத்தி இல்ல. நான்தான் பல்லால கடிச்சு எடுத்தேன்.