பத்தாவதாக ஒரு கல்

மாலை நாலரை மணி. இரண்டு பக்கமும் காடு, நடுவே வெள்ளையாக ஒரு சாலை. சுண்ணாம்புக்கல் பொடிந்த மண், அதனால் அந்த வெள்ளை. அதில் ஒரே ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. முன்னாலும் வண்டி இல்லை... பின்னாலும் இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். கரண்ட் வர நேரமாகும்.

அந்தச் சாலை இருப்பது மெக்சிகோவில். ஆனால் விஷயம் வந்து முடிந்த இடம் நம் ரங்கூனில், இதே பபேடான் பேட்டைதான். இங்கிருந்து நாலு தெரு தள்ளி, நாலாவது மாடி. நம் தமிழ்மணியின் சின்னம்மா புஷ்பலதாவுக்கு நடந்தது. தமிழ்மணி இதோ இருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்துவான்.

புஷ்பலதாவின் அண்ணன் மோகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். தங்கை குடும்பத்தை அழைத்துக்கொண்டு எங்காவது போக வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மாயன் பண்பாடு, மாயன் காடு என்று ஒரு சுற்றுலா. வேன், சாப்பாடு, கூடவே ஒரு வழிகாட்டி. புஷ்பலதாவும் அவள் கணவன் கணேஷ்குமாரும் ஏழு வயது மகள் சூசூவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மோகன் வீட்டு ஆட்களும் அவர் மனைவி வீட்டு ஆட்களும் சேர, மொத்தம் பத்துப் பேர்.

சூசூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. ரங்கூனில் பிறந்த பிள்ளைக்கு இருட்டு ஆகாவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். கரண்டை நாம் பர்மியில் 'மீ' என்கிறோம் அல்லவா, அது போன ஒவ்வொரு ராத்திரியும் கட்டிலிலிருந்து குரல் வரும். "அம்மா... மீ வந்துருச்சா?" புஷ்பலதாவும் புரண்டு படுத்தபடியே ஒரே பதிலைச் சொல்வாள். "இன்னும் வரல. நீ தூங்கு." அந்தக் குரலைக் கேட்டால் போதும், பிள்ளை தூங்கிவிடும்.

வழிகாட்டியின் பெயர் எலியாஸ். மாயன் இனத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். காலையில் ஒரு பெரிய படிக்கட்டுக் கோபுரத்தின் முன்னால் எல்லோரையும் நிறுத்தி, ஒருமுறை கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். திரும்பி வந்தது கைதட்டல் இல்லை... ஒரு பறவை கூவுகிற சத்தம். சூசூ துள்ளிக் குதித்தாள். எலியாஸ் விளக்கினார். சத்தம் கல்லில் பட்டுத் திரும்புகிறது. கீழ்ப்படி பக்கத்தில் இருப்பதால் அதில் பட்டது முதலில் வந்து சேரும், மேல்படியில் பட்டது பின்னால் வரும். எல்லாம் வரிசையாகக் காதில் விழும்போது பறவைக் குரலாகிவிடுகிறது. சுவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தாமதம். எதிரொலியைக் கேட்டே சுவர் எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடலாம்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மோகனின் மாமியாருக்கு வயிறு கெட்டுவிட்டது. அவரை விடுதியில் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் கிளம்பினார்கள். வேனில் ஏறுமுன் எலியாஸ் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். அவர் மொழியில்தான் எண்ணினார், அதனால் புஷ்பலதாவுக்கு உறைக்கவில்லை. காட்டுக்குள் வந்து, அந்த வெள்ளைச் சாலையில், சும்மா இருக்கும் நேரத்தில் தானே எண்ணிப் பார்த்தாள்.

ஒன்பது.

 ஒன்பது பேராக ஒரு பயணம் போகக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பர்மாக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக நாமும் பார்க்கிறோம். ஒரே கூட்டமாகக் கிளம்புகிற ஆட்கள்தான் கணக்கு. ஓட்டுநரும் வழிகாட்டியும் அதில் சேரமாட்டார்கள். ஒன்பது பேர் போனால் ஒருவர் திரும்புவதில்லை என்பார்கள். அதற்கு வழியும் இருக்கிறது. ஒரு கல்லை எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, நீயும் எங்களோடு வா என்று கூப்பிட்டுப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வது. பையன் என்றால் மவுங், கல் என்றால் சவுக்கே... மவுங் சவுக்கே. தம்பி கல்லு.

கணேஷ்குமார் சிரித்தான். "நம்ம ஊரு சாங்கியம் மெக்சிகோவுக்கு விசா எடுத்திருக்கா?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கேங்க நான்."

வேன் நின்ற இடத்தில் ஒரு குகை வாய் இருந்தது. அந்த நாட்டில் அந்தப் பக்கம் ஆறு கிடையாது. மழையெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பூமிக்கடியில் பெரிய அறைகளாக்கிவிடுகிறது. கூரை இடிந்து விழுந்தால் கிணறு. இடியாமல் நின்றால் குகை. கீழே உலகம் ஒன்று உண்டு, அதற்கு இவையெல்லாம் வாசல் என்பது மாயன் மக்களின் நம்பிக்கை.

எலியாஸ் வாசலில் ஒரு பிசினைக் கொளுத்தினார். நம் குங்கிலியம் மாதிரியே மணம். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். உள்ளே போக அனுமதி கேட்கிறார் என்று மோகன் மொழிபெயர்த்துச் சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் புஷ்பலதா இரண்டு படி இறங்கிக் குனிந்தாள். இறங்கும் படியின் ஓரம், கைக்கு அடக்கமான வெள்ளைக் கல். எடுத்தாள். "மவுங் சவுக்கே, நீயும் எங்களோட வா." சூசூவின் சின்னப் பைக்குள் போட்டாள்.

எங்கே தப்பு நடந்தது தெரிகிறதா? கல்லைக் கிளம்புகிற இடத்தில் எடுக்க வேண்டும், நம் வீட்டு வாசலில், நம் மண்ணில். திரும்பி வந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவள் எடுத்தது போய்ச் சேர்ந்த இடத்தில்... அதுவும் அந்த வாசலில்.

உள்ளே இறங்கினார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை, வௌவால் எச்ச நாற்றம். கூரையிலிருந்து மரத்தின் வேர்கள் கயிறு கயிறாகத் தொங்கின. அடியில் அசையாத தண்ணீர். குகை ஒன்றும் பெரிதில்லை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். மெய்யான இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் என்று சொல்லி எலியாஸ் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார்.

அணைத்தார்கள்.

எங்கோ சொட்டு விழும் சத்தம். அப்புறம், சின்னக் குரலில்...

"அம்மா... மீ வந்துருச்சா?"

"இன்னும் வரல. நீ தூங்கு." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சூசூவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, காலையில் கற்ற பாடம் நினைவுக்கு வர, ஒருமுறை கைதட்டினாள்.

உடனே எதிரொலி வந்தது. சுவர் பக்கத்தில்தான், வர வேண்டிய நேரத்தில் வந்தது. சிரிப்பும் அடங்கியது. ஒருவர் மூச்சை இழுத்து விடும் நேரம் ஆகியிருக்கும்...

இன்னொரு கைதட்டல்.

ஈரமான, சின்னக் கைகள்.

அத்தனை தாமதமாக ஒரு எதிரொலி வர வேண்டும் என்றால் சுவர் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அந்தக் குகையில் அப்படி ஒரு சுவர் இல்லை. எலியாஸ் விளக்கைப் போட்டார். எதையும் விளக்கவில்லை. போகலாம் என்று மட்டும் சொன்னார்.

மேலே வந்ததும் வேன் பக்கத்தில் நிறுத்தித் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்து நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார். மோகன் சிரித்துக்கொண்டே, "பத்துங்கிறாரு" என்றார். புஷ்பலதா எண்ணினாள். ஒன்பது. எலியாஸ் மூன்றாவது முறை எண்ணினார். சூசூவின் தலையைத் தொட்ட கை, அவளுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில், சூசூவின் தோள் உயரத்துக்குத் தாழ்ந்து... நின்றது. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

இங்கிருந்து யார் எதை எடுத்தது என்று கேட்டார்.

புஷ்பலதா கல்லைக் காட்டினாள். கூப்பிட்டீர்களா என்றார். கூப்பிட்டேன் என்றாள். பெயர் வைத்தீர்களா... வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எந்தப் பை சுமந்ததோ அந்தப் பையின் ஆளே கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இப்போதே, வெயில் போவதற்குள், என்று சொன்னார்.

பை சூசூவுடையது.

"அண்ணே, கல்லை வச்சுட்டா நாம மறுபடி ஒன்பதுண்ணே."

மோகன் அவள் முகத்தைப் பார்த்து, கேலி செய்ய வாயெடுத்து, விட்டுவிட்டு, எலியாஸிடம் அதைச் சொன்னார். என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் பத்தாவது ஆள் என்றார் எலியாஸ். வழிகாட்டி கணக்கில் வரமாட்டார் என்று புஷ்பலதாவுக்குத் தெரியும். ஆனால் மகள் பக்கத்தில் அந்தக் கை நின்ற உயரத்தையும் அவள் பார்த்திருந்தாள். கல்லை வைத்திருந்தாலும் பயம், விட்டாலும் பயம். அவள் விடுவதென்று முடிவு செய்தாள்.

சூசூவின் கையைப் பிடித்துக்கொண்டு குகை வாய்க்கு நடந்தாள். குங்கிலியப் புகை இன்னும் மிச்சமிருந்தது. கல் எடுத்த இடம் இரண்டு படி கீழே. இருவர் சேர்ந்து நிற்க அங்கே இடமில்லை. கையை விட்டாள்.

"வச்சிட்டு ஓடி வந்திரு."

பிள்ளை இறங்கினாள். கல் கல்லோடு மோதும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கைதட்டல். விளையாட்டுப் பிள்ளை... புஷ்பலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இருட்டிலிருந்து, தாமதமாக, பதில் கைதட்டல் வந்தது.

"சூசூ."

சத்தமில்லை.

"சூசூ, வா."

ஒரு மூச்சு நேரம் கழித்துச் சூசூ படியேறி வந்தாள். புஷ்பலதா அவள் கையைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளையின் கை ஈரமாக இருந்தது. இரண்டு படிதான் இறங்கினாள், தண்ணீர் இன்னும் எவ்வளவோ கீழே... வேனில் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. கேட்கப் பயந்து கேட்கவில்லை.

எலியாஸ் எண்ணினார். ஒன்பது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள். ரங்கூன் வந்து சேர்ந்ததும் புஷ்பலதா கோயிலில் தேங்காய் உடைத்தாள். வீடு பழையபடி ஆயிற்று. ஒன்றிரண்டு சின்ன விஷயங்கள்தான். சூசூவைக் கூப்பிட்டால் உடனே பதில் வருவதில்லை. "சாப்பிட வா" என்றால், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்... அப்புறம்தான், "வரேம்மா." எப்போதும் அதே அளவு தாமதம். பசுந்தாங்கில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். உள்ளங்கை எந்நேரமும் ஈரம். தலை வாரும்போது முடியில் லேசாகக் குங்கிலிய வாடை. எந்தச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் போகவில்லை.

இன்னொன்று. மீ போனால் அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள்... நாம் நிழலில் உட்கார்வது போல. பிள்ளை வளர்ந்துவிட்டது, பயம் தெளிந்துவிட்டது என்று கணேஷ்குமார் அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொன்னான். புஷ்பலதாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் சாயங்காலம், சமையல் நடக்கும் நேரம், மீ போயிற்று. கணேஷ்குமார் மெழுகுவத்தி வாங்கக் கீழே இறங்கியிருந்தான். அப்போது மோகனிடமிருந்து போனில் ஒரு சேதி வந்தது. எலியாஸ் அனுப்பியது, கேட்டுப் பார் என்று எழுதியிருந்தார். வேறொரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு எலியாஸ் அந்தக் குகைக்குப் போனாராம். விளக்கை அணைத்தபோது ஒரு குரல் கேட்டதாம். கூட்டத்தில் பிள்ளைகளே கிடையாது. இரண்டு தடவை கேட்டு, மூன்றாம் தடவை அதைப் போனில் பதிவு செய்திருக்கிறார். எந்த மொழி என்று தெரியவில்லை, உங்கள் மொழியாக இருக்குமோ என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

புஷ்பலதா அடுப்பை அணைத்தாள். வீட்டுக்குள் கும்மிருட்டு. போனை மேசைமேல் வைத்து, சேதியை அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சொட்டு. யாரோ கால் மாற்றி நிற்கும் சத்தம். அப்புறம், வெகு தூரத்திலிருந்து, அழுது அழுது தேய்ந்துபோன ஒரு சின்னக் குரல்.

"அம்மா... மீ வந்துருச்சா?"

புஷ்பலதா போனை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தாள்.  போனில் அந்தக் குரல் காத்திருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், சூசூ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பதில் வந்தது. இந்த முறை தாமதமே இல்லை. புஷ்பலதாவின் குரலிலேயே வந்தது.

"இன்னும் வரல. நீ தூங்கு."