பத்து நகங்கள்

— இன்னொரு தடவை சொல்லுங்க, தோக்பா மாமா. மொதல்லேர்ந்து.

— நேத்துத்தான் சபையில சொன்னேனே, தான்னே. உன் மாமியாரும் கேட்டா, நீயும் கேட்ட. கட்டை உருண்டுச்சு, உன் வீட்டுக்காரன் வெஸ்ஸே போய்ச் சேந்துட்டான். கடல்ல சாவுன்னா அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?

— கடல்லயா? நேத்து ஆத்துலன்னீங்க.

— ஆறுதான். சப்பேலே ஆறு. கப்பல்காரனுக்கு எல்லாத் தண்ணியும் கடல்தான், ஆச்சா? வீட்டுக்குப் போ புள்ள. காலங்காத்தால என் படகுக் கொட்டகையில நீ தனியா உக்காந்திருக்கறதைப் பாத்தா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க.

— கட்டட்டும். உச்சி வெயில்ல எனக்கு விஷப் பட்டைத் தண்ணி குடுக்கப் போறாங்க. அதுக்கு மேல கட்டறதுக்கு என்ன கதை மிச்சம் இருக்கு?

— பயப்படாத. குத்தம் இல்லாத வயித்துல அது தங்காது. வாந்தி எடுத்துருவ.

— எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல நாலு பேர் குடிச்சாங்க. ஒருத்திதான் எடுத்தா. அப்ப மத்த மூணு பேரும் குத்தக்காரங்களா மாமா?

— அதெல்லாம் பெரியவங்க பேச்சு. என்கிட்ட ஏன் கேக்கற?

— வேற யார்கிட்ட கேக்கறது? நீங்கதான் கங்காணி. இந்த ஊர்லேர்ந்து பன்னெண்டு பேரை நீங்கதான் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. பதினொரு பேரை இறக்கிவிட்டீங்க. பன்னெண்டாவது ஆளை ஓலைப் பொட்டணத்துல முடியும் நகமுமா கொண்டு வந்தீங்க. அத்தை என்ன சொல்றாங்க தெரியுமா? ‘நடக்கறதுக்கு முன்னாடி நீந்தக் கத்துக்கிட்டவன் என் மகன். ஒரு மரக்கட்டை அவனைக் கொல்லுமா? வீட்டுக்குள்ளேர்ந்து யாரோ சூனியம் வெச்சு அனுப்பியிருக்கா.’ வீட்டுக்குள்ள இருக்கறது நானும் ரெண்டு கோழியும். கோழிக்கு அவங்க குடுக்க மாட்டாங்க.

— சிரிக்க உனக்கு எப்படித்தான் தோணுதோ.

— எனக்கும் தெரியல. நேத்து ராத்திரி பூரா எனக்கு அழுகை வரல. என்னவோ, வேற யாரோட புருஷனோ செத்த மாதிரி இருந்துச்சு. அவன் கூட நான் இருந்ததை எல்லாம் சேத்தா ரெண்டு வருஷம் வராது மாமா. வருவான், அறுவடை வரைக்கும் இருப்பான், கப்பல் ஊதும், போயிருவான். கடல்ல ஒரு கோடு புகை. எனக்குத் தெரிஞ்ச கப்பல் அவ்வளவுதான். அதான் கேக்கறேன். அங்க அவன் எப்படி இருந்தான்? சாவை அப்பறம் சொல்லுங்க. காலையில எந்திரிச்சா என்ன பண்ணுவான்?

— என்ன பண்ணுவான்? மணி அடிக்கும். மேல் தளத்துல பாய்த்துணிக்கு அடியில நாங்க எல்லாரும் அடுக்கி வெச்ச மீன் மாதிரி படுத்திருப்போம். சின்னத் துரை பூட்ஸ் காலோட நடந்து வருவான். யார் கால் நீட்டியிருக்கோ அதை மிதிச்சுக்கிட்டுத்தான் வருவான். அப்பறம் ஒரு வாளிச் சோறு, பன்னெண்டு பேர் சுத்தி உக்காந்து. அதுல உப்பு மாட்டுக்கறி, கருங்கல் மாதிரி இருக்கும். வெஸ்ஸே அதைத் தளத்துல தட்டித் தட்டிக் காட்டுவான். ‘இதை அடியில வெச்சு ஆணி அடிச்சா கப்பல் ஒழுகாது’ன்னு.

— இங்க அப்படியெல்லாம் பேசவே மாட்டானே!

— அங்க வாய் ஓயாது. துரைமாருக்கு நம்ம பேரு நாக்குல நிக்காதா, ஆளுக்கு ஒரு பேரு வெச்சுருவாங்க. என்னை ‘பழைய நங்கூரம்’னு கூப்பிடுவாங்க. உன் வீட்டுக்காரன் பேரு ‘பட்டாணிக் கஞ்சி’.

— பட்டாணிக் கஞ்சியா?

— மொத நாள் சமையல்காரன் பட்டாணிக் கஞ்சி குடுத்தான். இவன் ஒரு வாய் வெச்சான், கப்பலுக்கு வெளிய துப்பினான். காத்து திரும்பிச்சு. சின்னத் துரை சட்டை பூரா. அன்னிலேர்ந்து அதான் பேரு.

— எட்டு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. இதை அவன் சொன்னதே இல்ல.

— வீட்டுல போய்ச் சொல்ற பேரா அது? கப்பலை விட்டு இறங்கறப்ப அந்தப் பேரையும் அங்கயே போட்டுட்டு வந்துரணும், ஆச்சா? இல்லேன்னா மனுஷனால திரும்பக் குடும்பம் நடத்த முடியாது.

— சரி. இப்ப கட்டையைச் சொல்லுங்க.

— மகாகனிக் கட்டை. மேல காட்டுல வெட்டி ஆத்துல மிதக்க விட்டுக் கப்பல் பக்கத்துக்குக் கொண்டு வருவாங்க. ஒவ்வொண்ணும் உங்க வீடு நீளம். நம்ம ஆளுங்க தண்ணியில குதிச்சு, உருளற கட்டை மேல ஏறி உக்காந்து, சங்கிலியை அடியில விட்டு மாட்டணும். மாட்டினவன் கையைத் தூக்குவான். கங்காணி நான் கப்பல் ஓரத்துல நிப்பேன். அவன் குதிச்சு விலகினதும் நான் கையைத் தூக்குவேன். என் கையைப் பாத்துத்தான் மேல பாரந்தூக்கிக்காரன் நீராவியைத் திறப்பான். கட்டை எழும்பும். காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் இதான். தண்ணி ஊறி ஊறித் தொடை எல்லாம் வெளுத்துப் போயிரும்.

— அன்னிக்கு?

— அன்னிக்குச் சங்கிலி நழுவிச்சு. கட்டை உருண்டுச்சு. கட்டைக்கும் கப்பலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். உள்ள போயிட்டான். மூணு நாள் கழிச்சு ஒதுங்கினான். வழக்கப்படி நான்தான் முடியும் நகமும் எடுத்தேன். உடம்பை அங்கயே புதைச்சோம். முடிஞ்சுது. இதைத்தான் சபையிலயும் சொன்னேன்.

— மூணு நாள் ஆத்துல கிடந்த உடம்புலேர்ந்து எடுத்தீங்க.

— ஆமா.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியல, மாமா. பொட்டணத்தைக் கழுவ வேண்டியது பொண்டாட்டி. விடியறதுக்கு முன்னாடி நான்தான் பிரிச்சுக் கழுவினேன். கழுவறப்ப கலயத்துத் தண்ணி மேல எண்ணெய் மிதந்துச்சு. மூணு நாள் ஆத்துல கிடந்தவன் தலைக்கு யார் எண்ணெய் வெச்சா?

— அது... பொட்டணம் பனையெண்ணெய்ப் பீப்பாய் பக்கத்துல இருந்துச்சு. ஒட்டியிருக்கும்.

— ஒட்டியிருக்கலாம். நகம்? அவன் நகத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கினதும் நான்தான் உக்காந்து எடுத்துவிடுவேன். கப்பல் தார் உள்ள போய்க் கறுத்துக் கிடக்கும். எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சாலும் போகாது. இது வெள்ளையா இருந்துச்சு. நல்லா வளந்து, சுத்தமா, பிறை மாதிரி. ரெண்டு மாசமா ஒரு கயித்தைக்கூடத் தொடாத கை, மாமா.

— தண்ணி வெளுக்க வெச்சிருக்கும்.

— பத்துதான் இருந்துச்சு.

— என்னது?

— நகம். இருபது இருக்கணும். எல்லாம் கை நகம். கால் நகம் ஒண்ணுகூட இல்ல.

— மீன் கடிச்சிருக்கும். ஆத்து மீனு...

— கால் விரலை மட்டும் எண்ணித் தின்னுட்டு, கை விரலை எனக்குன்னு விட்டு வெச்சுதா? கங்காணியாரே, என் மூஞ்சியைப் பாருங்க. அந்தப் படகை அப்பறம் சுரண்டலாம். உச்சி வெயில்ல சாகப் போறவ கேக்கறேன். அவன் கால் எங்க?

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— ரெண்டு காலும் முழங்காலோட போச்சு. ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்க.

— ஆஸ்பத்திரியிலயா? செத்தவனுக்கு எதுக்கு...

— சாகல. வெஸ்ஸே சாகல, தான்னே. உக்காரு. தண்ணி குடி. உக்காருன்னா.

— உயிரோட இருக்கானா?

— இருக்கான். சங்கிலியும் நழுவல, கட்டையும் தானா உருளல. நான்தான். சின்னத் துரை காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருந்தான், பொழுது போறதுக்குள்ள நாப்பது கட்டை ஏறணும்னு. வெஸ்ஸே கையைத் தூக்கினான். தூக்கினான்னா இன்னும் குதிக்கலன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். ஆனா என் கை போயிருச்சு, புள்ள. துரை கத்தினதும் என் கை தன்னால மேல போயிருச்சு. பாரந்தூக்கிக்காரனுக்கு என்ன தெரியும்? என் கையைப் பாத்தான், திறந்துவிட்டான்.

— உயிரோட இருக்கான்!

— கப்பலு அவனை ஆஸ்பத்திரியில விட்டுட்டுத் தெக்கே சரக்கு ஏத்தப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்ததும் நான் ஓடினேன். திண்டுல சாஞ்சு உக்காந்திருந்தான், தலையெல்லாம் வாரி எண்ணெய் வெச்சு. அங்க ஒரு கிழவி பாத்துக்கறா. வா ஊருக்குன்னேன். ‘படகு கரையில முட்டினதும் அலையில குதிச்சு இறங்காதவன் நம்ம ஊர்ல ஆம்பளையா? என்னை மீன்கூடை மாதிரி தூக்கி இறக்குவீங்க. பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுப் பாப்பாங்க. நான் வரல’ன்னான். என்கிட்ட கத்தியைக் கேட்டான். முடியை வெட்டினான், நகத்தை வெட்டினான். ‘நீங்க கையைத் தூக்கினதை நான் யார்கிட்டயும் சொல்லல. அதுக்குப் பதிலா இதைக் கொண்டுபோய்க் குடுங்க’ன்னான். கூட வந்த பதினொரு பேர்கிட்டயும் வாய் திறக்க மாட்டோம்னு சத்தியம் வாங்கிட்டான். எப்படி மாட்டேன்னு சொல்றது?

— கை ரெண்டும் நல்லா இருக்கா?

— இருக்கு. இப்பத்தான் துறை ஓரத்துல உக்காந்து வியாபாரிங்களுக்குச் சாக்கு தைக்க ஆரம்பிச்சிருக்கான்.

— சாக்கு தைக்கறானா! ஒரு ஊசி கோக்கத் தெரியாது அவனுக்கு. மாமா, என்னை உங்க அடுத்த கப்பல்ல ஏத்துங்க.

— பைத்தியமா? பொம்பளையை எந்தக் கப்பல்ல ஏத்துவான்?

— துரைமாருக்குத் துணி துவைக்கறேன். அந்தக் கருங்கல் கறியை வேகவெச்சுக் காட்டறேன். பட்டாணிக் கஞ்சி பொண்டாட்டின்னு சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டே ஏத்துவாங்க. அவனை நான் தூக்கிட்டு வருவேன். ரெண்டு மூட்டை நெல்லை வயல்லேர்ந்து முதுகுல தூக்கிட்டு வர்றேனே, காலு போனப்பறம் அவன் என்ன கனம் இருந்துருவான்? வரலன்னா நான் அங்கயே இருக்கறேன். அவன் தைக்கட்டும், நான் ஊசி கோத்துக் குடுக்கறேன். எட்டு வருஷத்துல மொத தடவையா அவன் எங்கயும் போக மாட்டான். பாருங்க, இப்பத்தான் எனக்கு அழுகை வருது. எந்திரிங்க, சபைக்குப் போலாம்.

— தான்னே. நான் என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா? உயிரோட இருக்கறவன் முடியைச் செத்தவன் முடின்னு பெரியவங்க முன்னாடி வெச்சிருக்கேன். சொன்னா அந்தக் கிண்ணம் உன்கிட்டேர்ந்து நேரா என் கைக்கு வரும். குடிச்சு நான் பிழைச்சாலும், எந்தத் தாயும் இனிமே என்னை நம்பி மகனைக் கப்பலுக்கு அனுப்ப மாட்டா.

— தெரியுது.

— எனக்கும் நாலு பிள்ளைங்க.

— தெரியுது மாமா. நான் கெஞ்ச மாட்டேன். சொல்றதுன்னா நீங்களா வந்து சொல்லணும். நான் சொன்னா சாவுக்குப் பயந்து உளர்றான்னுதான் சொல்லுவாங்க. வெயில் கதவிடுக்கு வரைக்கும் வந்துருச்சு.

— ஊருக்கு வர்ற வழியில ஒவ்வொரு நாளும் நினைச்சேன், நீ எப்படியும் வாந்தி எடுத்துருவன்னு. நினைச்சு நினைச்சு, அது நடந்து முடிஞ்சுட்ட மாதிரியே ஆயிருச்சு எனக்கு. மனுஷன் எவ்வளவு கேவலம் பாத்தியா? என் மேல்துணியை எடு. துரை கத்தினான்னு ஒரு தடவை என் கை தப்பா மேல போச்சு. இன்னிக்கு யார் கத்தினாலும் சரி. எந்திரி புள்ள, போலாம். ‘வெஸ்ஸே இருக்கான், பொய் சொன்னவன் நான்’னு சொல்றேன்.

— மாமா...

— வா வா, என் தைரியம் உலர்றதுக்குள்ள வா.

— வர்றேன். ஒண்ணே ஒண்ணு. முடியை வெட்டறப்ப என்னைப் பத்தி எதாவது சொன்னானா?

— உன்னைப் பத்தி... படகை அண்ணன் மகனுக்குக் குடுத்துரச் சொன்னான். வயல் மேட்டுல தண்ணி நிக்கும், பாத்துக்கணும்னான்.

— என்னைப் பத்தி?

— பேர் சொல்லிச் சொல்லல. ஆனா ஒண்ணை மட்டும் ரெண்டு தடவை சொன்னான். ‘செத்தவனுக்குச் செய்யற சடங்குல ஒண்ணுகூடக் குறையக் கூடாது. எல்லாத்தையும் செய்யச் சொல்லுங்க’ன்னான். கௌரவம் பாக்கறான், பாவம். ஏன் நின்னுட்ட?

— அவன் அண்ணன் செத்தப்ப நீங்க கப்பல்ல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாது.

— எது தெரியாது?

— பொண்டாட்டிக்குப் பட்டைத் தண்ணி குடுக்கறதும் அந்தச் சடங்குல ஒண்ணுதான் மாமா. அண்ணி தலையை நான் மடியில பிடிச்சிருந்தேன். பட்டைத் தண்ணியை வாய்ல ஊத்தினது தம்பிதான், வெஸ்ஸே. அவ வாந்தி எடுக்கல. உக்காருங்க மாமா, எங்கயும் போக வேண்டாம். சபையில நீங்க சொன்னதுதான் நிஜம். அவன் செத்துட்டான்.