கை தூக்காத கோயில்

முன்னே ஒரு காலம். ரயிலும் வராத காலம், நெல் அரைக்கிற மில்லும் வராத காலம். ஆற்றங்கரையில் கருவேலன்குறிச்சி என்று ஓர் ஊர். ஊரில் எத்தனை வீடு இருந்ததோ தெரியாது, ஒரே ஒரு பெரிய வீடு இருந்ததாம். அந்தப் பெரிய வீட்டில் எத்தனை அறை இருந்ததோ தெரியாது, பின்கட்டில் நெல் குத்துகிற கொட்டகை இருந்ததாம். கொட்டகையில் ஏழு உரல். ஏழு உரலுக்குப் பதினாலு பெண்கள். காலையில் தூக்கின உலக்கையைப் பொழுது சாயத்தான் சாத்துவார்களாம். தூக்கு, போடு. தூக்கு, போடு. பெரிய வீட்டுக்குக் குத்து, கோயிலுக்குக் குத்து, பெரிய வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் குத்து. தூக்கு, போடு.

அந்த ஊர் அம்மனுக்கு நெல்லுக்காத்தாள் என்று பேர். தன் நெல்லைத் திருடினவள் கையை அம்மன் தோளோடு கட்டிப்போட்டுவிடுவாள், அப்புறம் அந்தக் கை மேலே ஏறாது என்று ஒரு பேச்சு. இந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ. நெல் யார் வீட்டில் இருந்ததோ அவர்கள் கிளப்பியிருப்பார்கள், வேறு யாருக்கு இதனால் லாபம்?

வருசா வருசம் சித்திரையில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. மத்தியானப் பூசையில் சூடம் காட்டும்போது ஊரே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட வேண்டும். எவள் கை ஏறவில்லையோ அவள் களவாணி. அவளை அப்படியே ஆற்றைத் தாண்டி விரட்டிவிடுவார்கள். விரட்டும்போது ஊரில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் அள்ளி அவள் முதுகில் போட வேண்டும். போடாவிட்டால் அவர்களும் கூட்டுக் களவாணி.

அப்படித்தான் மாசானத்தை விரட்டினார்களாம். நல்லா கேளுங்கள், அவள் ஒரு நெல்லைக்கூட எடுக்கவில்லை. பன்னிரண்டு வருசம் உலக்கை பிடித்த கை, ஒருநாள் ஏறவில்லை, அவ்வளவுதான். அவளோடு ஒரே உரலில் எதிரும் புதிருமாக நின்று குத்தினவள் சுடலைவடிவு. இவள் தூக்கினால் அவள் போடுவாள், அவள் தூக்கினால் இவள் போடுவாள். அந்த வடிவும் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாளாம்.

மூன்று வருசம் ஆனது. வடிவுக்கு ஒருநாள் கொண்டை முடிய முடியவில்லை. கை காதுக்குப் போகவில்லை. அப்புறம் உறியில் இருந்த மோர்ச்சட்டியை எட்டி எடுக்க முடியவில்லை. அப்புறம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியவில்லை, தோளுக்குள்ளே நெருப்புத் துண்டை வைத்தது மாதிரி இருந்ததாம். உலக்கையை இடது கையால் தூக்கி, வலது கையைச் சும்மா மேலே ஒட்டவைத்துக் குத்தினாள்.

"நான் என்னத்த எடுத்தேன் தாயி?" என்று அம்மனைக் கேட்டாளாம். யோசித்து யோசித்துப் பார்த்தாள். எப்பவோ ஒருநாள் கோழிக்கு ஒரு பிடி தவிடு அள்ளிப்போனது ஞாபகம் வந்தது. ஒரு பிடி தவிட்டுக்கு ஒரு கையா? இது என்ன நியாயம் என்று வாய்க்குள் கேட்டாள். சத்தமாகக் கேட்க அவளுக்குப் பயம். சித்திரைக் கொடைக்குக் கை ஏறாவிட்டால் வீடு போகும், பேர் போகும், முதுகில் மண் விழும்.

புரட்டாசியில் ஆறு வற்றிக் கிடந்தபோது, ஓலைக் கடகப் பெட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் பனங்காட்டுக்குப் போனாளாம். அங்கே ஒரு குடிசை. குடிசை வாசலில் ஒரு பொம்பளை, முடைந்த பெட்டிகளை அடுக்கி, அந்த அடுக்கை வலது கையால் தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே. வடிவு நின்றுவிட்டாள். அது மாசானம்.

மாசானம் திரும்பிப் பார்த்தாள்.

"வா வடிவு. மண்ணு கொண்டாந்திருக்கியா?"

வடிவு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"இல்ல, அன்னைக்குப் பாதி மண்ணு காத்துல போயிட்டு. மிச்சத்தப் போட வந்தியோன்னு கேட்டேன்."

"யக்கா, ஒன் கை..."

"எந்தக் கை? ஆத்தா கட்டுன கையா? அவுந்து போச்சு. நான் அவளுக்கு ஒரு தேங்காகூட ஒடைக்கல."

வடிவு தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அது மார்பு வரைக்கும் வந்து நின்றுகொண்டது. மாசானம் அதைப் பார்த்தாள், வடிவு முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளாம். ரொம்ப நேரம் சிரித்தாளாம்.

"நீ எத்தன கோட்டை நெல்லு திருடுன?"

"நான் ஒண்ணும் திருடலைக்கா."

"நானும் இதத்தான் சொன்னேன். இதே வார்த்தையத்தான் சொன்னேன். நீ எதுக்க நின்ன."

வடிவு அழுதாள். அழுது முடிக்கிற வரைக்கும் மாசானம் ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். முடித்த பிறகுதான், "பக்கத்துல வா" என்றாள். வடிவின் தோளை முன்னாலும் பின்னாலும் தொட்டுப் பார்த்தாள்.

"யார்ட்டயாச்சும் காட்டுனியா?"

"மேலூர்ல சுளுக்கு எடுக்குற ஒரு ஆளு, வெடுக்குனு ஒரு இழு இழுத்தாரு. அதுக்குப் பெறவுதான் வலி ரொம்ப."

"அவன் கையை எவனாச்சும் இழுத்தாத் தெரியும். ஏட்டி, இது ஆத்தா போட்ட கட்டு இல்ல, உலக்க போட்ட கட்டு. தோல்வார் நனைஞ்சு காஞ்சா எப்படி வெறைச்சுப்போவுது? உள்ள சதையும் நரம்பும் அப்படி வெறைச்சுக் கெடக்கு. இழுத்தா அந்துபோவும். அசைக்காம வச்சிருந்தா ஒட்டிக்கும். இழுக்கவும் கூடாது, சும்மா போடவும் கூடாது."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"எனக்கு யாரு சொல்லுவா? ஊர்ல ஒருத்தி ஏங்கூடப் பேசுனாளா? இந்தப் பனையைப் பிடிச்சிக்கிட்டு நின்னு அழுதேன். அழ அழ விரலு மேல ஊர்ந்துது. மறுநாளும் அழுதேன், இன்னும் ஒரு வளையம் ஏறிச்சு. அழுக நின்ன பெறவும் விரல நிப்பாட்டல."

பனைமரத்துத் தூரில் இருந்து வளையம் வளையமாகத் தழும்பு இருக்குமே, அதில் மாசானம் சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்திருந்தாளாம். இடுப்பு உயரத்தில் ஒரு கோடு, அதற்கு மேலே ஒரு கோடு, அப்படியே ஏறி ஏறித் தலைக்கு மேலே கடைசிக் கோடு.

அன்றைக்கே மாசானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். முதலில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து தோளுக்கு ஒத்தடம். அடுத்தது, இடது கையைத் திண்டில் ஊன்றிக் குனிந்துகொண்டு, வலது கையில் ஒரு சின்னச் செம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். கோயில் மணி ஆடுகிற மாதிரி, முன்னே, பின்னே, வட்டமாக. அதற்கப்புறம் பனை.

"ரெண்டு விரலு மட்டும் நடக்கட்டும். எறும்பு போறாப்ல. தோள்பட்டயக் காதுக்குத் தூக்கி என்னை ஏமாத்தாத, வடிவு. தோள எறக்கு. விரலுதான் ஏறணும்."

"வலிக்கிக்கா."

"வலிக்கட்டும், உயிர் போவக்கூடாது. நாளைக்கும் அந்த வலி இருந்துதுன்னா ஒரு வளையம் கீழ எறங்கிக்கோ. அதுல ஒரு மானக்கேடும் இல்ல."

புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. ஆற்றில் தண்ணீர் வந்தபோது வடிவு வீட்டுக்குள்ளேயே மண்சுவரில் கரியால் கோடு போட்டு, மேலே பாயை மாட்டி மறைத்துவைத்தாளாம். தை போச்சு, மாசி போச்சு. மார்பில் நின்ற கை தோளுக்கு வந்தது. தோளில் நின்ற கை பங்குனியில் காதுக்கு வந்தது. கொண்டை முடிந்துகொண்டாள். ஆனால் சித்திரை வந்துவிட்டது, கை தலைக்கு மேலே வரவில்லை.

கொடை அன்று காலையில் வடிவு ஒரு காரியம் செய்தாள். "எனக்கு இன்னைக்குத் தூரம்" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே மாதவிலக்காகித் தூரமான பெண்கள் தங்குகிற குச்சிலுக்குப் போனாள். அந்த நாளில் கோயில் பக்கம் போகக்கூடாது அல்லவா, அதனால் கை தூக்கவும் வேண்டாம். தட்டியைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே ஏற்கெனவே ஆறு பேர். ஆறு பேரும் நெல் குத்துகிறவர்கள். ஓரத்தில் செல்லி. செல்லிக்கு வயசு அறுபது தாண்டியாச்சு.

"ஒனக்குமா சின்னம்மா தூரம்?"

"ஆமாட்டி. நின்னு பதினஞ்சு வருசம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு. யாராச்சும் கேட்டா ஆத்தா மகிமைன்னு சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. வடிவு எல்லோரையும் பார்த்தாள். "கையத் தூக்குங்க" என்றாள். ஒருத்தி தூக்கினாள், மார்போடு நின்றது. இன்னொருத்தி மற்றக் கையால் முழங்கையைத் தாங்கித் தாங்கித் தள்ளினாள், ஏறவில்லை. ஆறு பேருக்கும் ஏறவில்லை. எத்தனை சித்திரை இப்படி வந்து ஒளிந்திருக்கிறார்கள், பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அதே வலி என்று தெரியாமல், அவள் நிசமாகவே தூரம், நான்தான் களவாணி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு தலை குனிந்திருக்கிறாள்.

"சின்னம்மா, மாசானம் முதுகுல மண்ணு போட்டியே, அன்னைக்கு ஒன் கை எப்படி இருந்துது?"

செல்லி மடியில் கிடந்த வலது கையைத் தடவிக்கொடுத்தாளாம்.

"அப்பவே ஏறாது. இந்தக் குச்சில் வாசல்ல நின்னு எடது கையால போட்டேன்."

வடிவு எழுந்தாள். வெயிலில் ஆற்று மணலைத் தாண்டிப் பனங்காட்டுக்குப் போனாள். "ஏழு பேருக்குக் கை ஏறலக்கா. கோயிலுக்கு வா" என்றாள்.

"எதுக்கு? ஒங்களுக்குத் துணையா? எனக்கு அன்னைக்கு ஒருத்தி துணைக்கு வந்தாளா?"

"வரல" என்றாள் வடிவு. வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாசானம் வந்திருக்க மாட்டாள் என்றுதான் சொல்வார்கள். முடைந்துகொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாசானம் எழுந்தாளாம். வழியில் குச்சிலில் இருந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டார்கள்.

மத்தியானப் பூசை. மேளம் நடக்கிறது. எட்டுப் பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார்கள். தூரமான பொம்பளைகள் கோயிலுக்குள்ளேயா என்று கூட்டம் பதறியது. "எங்களுக்கு ஒரு தூரமும் இல்ல, வழிய விடுங்க" என்றாள் செல்லி. மேளம் நின்றுபோச்சு.

முன்னால் நின்றவர் பெரிய வீட்டு அணஞ்சபெருமாள். கோயிலும் அவர் பொறுப்பு, நெல்லும் அவர் நெல், தீர்ப்பும் அவர் தீர்ப்பு. மாசானத்தைப் பார்த்து, "இந்தக் களவாணிய யாரு உள்ள விட்டது?" என்று கேட்டார்.

மாசானம் வலது கையைத் தூக்கினாள். காது தாண்டி, தலை தாண்டி, நட்டுக்க நின்றது கை.

"ஆத்தா கட்டுன கை இது. ஒரு பனமரம் அவுத்து வுட்டுட்டு. அப்ப ஆத்தாவவிடப் பனமரம் பெருசா? நீங்களே சொல்லுங்க."

மற்ற ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். மார்பில் ஒன்று, தோளில் ஒன்று, காதில் ஒன்று. வடிவுக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் அவள்தான் பேசினாளாம், வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தமாக.

"நாங்க ஏழு பேரும் திருடியிருந்தா ஒங்க நெல்லுப் பத்தாயம் எப்படி எசமான் நெறஞ்சு கெடக்கு? ஏழு பேரும் திருடல. ஏழு பேரும் குத்துனோம். ஒங்க வீட்டு உலக்கதான் எங்க கையக் கட்டிச்சு."

அணஞ்சபெருமாள் யோசித்தார். அவர் லேசுப்பட்ட ஆளா? முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து இப்படிச் சொன்னாராம்:

"சரி. ஆத்தா மனசு எரங்கி மாசானத்த மன்னிச்சிட்டா. எல்லாரும் கையத் தூக்குங்க. சூடத்தக் காட்டுங்க."

ஊரே கையைத் தூக்கியது. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார், பார்த்தீர்களா. நாலு வருசம், ஒரு வீடு, ஒரு பேர், முதுகு நிறைய மண். எல்லாம் ஒரு வார்த்தையில் முடிந்தது, அதிலும் நல்ல பேர் அவருக்கு.

"மன்னிக்கதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்றாள் மாசானம்.

தூக்கின கைகள் மேலேயே நின்றன.

"மன்னிக்கதுக்கு நான் என்ன செஞ்சேன்?"

பூசாரி சூடத்தட்டைத் திரும்பக் கீழே வைத்தார்.

"மன்னிக்கதுக்கு நான் என்ன செஞ்சேன்னு கேக்கேன். யாரும் சொல்ல மாட்டீங்கள்லா? அப்ப நான் சொல்லுதேன். மேல நிக்குதே இந்தக் கை, இதெல்லாம் ஏம்மேல மண்ணள்ளிப் போட்ட கை. அந்தக் கையோட ஆத்தாளக் கும்பிடாதீங்க. எறக்குங்க."

முதலில் வடிவு இறக்கினாள். ஏழு மாசம் பாடுபட்டு ஏற்றின கை, நெஞ்சுக்கு வந்தது. அடுத்துச் செல்லி. அப்புறம் பெண்கள் எல்லாரும். அப்புறம் ஆண்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். கடைசியில் அணஞ்சபெருமாள் கை மட்டும் மேலே நின்றது. தனியாக எவ்வளவு நேரம்தான் நிற்கும்? அதுவும் இறங்கிற்று. அதற்குப் பிறகுதான் பூசாரி சூடத்தைக் காட்டினாராம்.

கொட்டகைப் பெண்கள் மறுநாள் உலக்கையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பெரிய வீட்டில் சோறாக்க அரிசி இல்லை. நாலாம் நாள் அவரே வந்து கேட்டார். ஒரு பெட்டி நெல் குத்தினால் உலக்கையை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும், கை நோகிறவளுக்குக் கை ஏறுகிறவரைக்கும் புடைக்கிற வேலை மட்டும்தான் என்று பேசி முடித்த பிறகே உரலில் நெல் விழுந்ததாம். "ஊருக்கு வந்துரு" என்று மாசானத்தை எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை, மண் போட்டவர்களாக இருந்தாலும்.

அந்தப் பனை பின்னால் ஒரு புயலில் சாய்ந்தது. அதே இடத்தில் ஒரு கல்லை நட்டு, பனை வளையம் மாதிரியே வெட்டு வெட்டாகக் கொத்திவைத்தார்கள். விரலேறிக் கல் என்று பேர். தோள் பிடித்துக்கொண்டவர்கள் இன்றைக்கும் அங்கே நின்று இரண்டு விரலை நடக்கவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் போய்விட்டு வந்து நிற்கிறார்கள்.

கோயிலில் அன்றைக்கு இறக்கின கை இறக்கினதுதான். நெல்லுக்காத்தாள் சன்னதியில் நெஞ்சோடு கும்பிடுவார்கள், மேலே தூக்க மாட்டார்கள். தெரியாத வெளியூர்க்காரர் தூக்கினால் பக்கத்தில் நிற்கிற பெண் மெதுவாக முழங்கையைத் தொட்டு இறக்கிவிடுவாள். மாசானத்துக்கு வயசான காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் போய், "இனி கையத் தூக்கலாமா தாயி?" என்று கேட்டார்களாம். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாளாம் மாசானம்.

இன்னும் சொல்லவில்லை.