நிறுத்தப்படாத வீடியோ

மாலை ஆறே முக்கால். சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு... ஆள் இல்லை, வண்டி இல்லை.

எட்வின் மட்டும் பைக்கில் வந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

"ஏட்டி, கல்யாண வீட்டுல பேசுற பேச்சா இது?" என்றாள் இந்து.

மண்டபத்து மாடியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மருதாணிக் கைகளை விரித்தபடி ஏழு பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"அப்ப விட்டுருவோம்," என்று நான் கதையை நிறுத்தினேன்.

"ஆரம்பிச்சிட்டு விடுதாளாம்! சொல்லு. யாரு அந்த எட்வின்?"

"என் கூடப் படிச்சாளே பியூலா, அவ சித்தி மகன்."

எட்வினுக்கு ராஜபாளையத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தரும் கடை. கார்டைக் கொடுத்தவள் சுந்தரபாண்டியத்துச் சத்யப்பிரியா. அவள் கணவன் சோலைராஜ் பன்னிரண்டு நாளுக்கு முன் அய்யனார் கோவில் ஆற்றில் போனவன். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிட்டது. உடல் அன்றே கிடைத்தது. ஃபோன் நான்காம் நாள் பாறை இடுக்கில் கிடைத்தது. ஃபோன் செத்துவிட்டது, கார்டு பிழைத்திருந்தது. அதில் கடைசியாக ஒரு வீடியோ. யார் முயன்றும் திறக்கவில்லை.

"சண்டை போட்டுட்டுத்தான் போனாவ, தம்பி," என்று கார்டைக் கொடுக்கும்போது சத்யப்பிரியா சொல்லியிருந்தாள். "கோவத்தோடயே போயிட்டாவளா... அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

தோப்பு முடியும் இடத்தில் எட்வினுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பைக்கை நிறுத்தினான். பக்கத்தில் வாய்க்கால் இல்லை. காற்றுகூட இல்லை. பாசி வாடை மட்டும் அடித்தது... நெஞ்சருகே சில்லென்றிருந்தது. தொட்டுப் பார்த்தான். சட்டைப் பை நனைந்திருந்தது.

கடைக்கு வந்து கார்டைத் துடைத்து, ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக்கொண்டு, கார்டைக் கழற்றி வைத்துவிட்டான். மூன்று பிளேயரில் போட்டும் ஓடவில்லை. காரணம் அவனுக்குத் தெரியும். ஸ்டாப் பட்டனை அமுக்கும்போதுதான் ஃபோன் வீடியோவின் விவரங்களை எழுதி ஃபைலை மூடும். சோலைராஜ் அமுக்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. இப்படி மூடாமல் கிடக்கும் ஃபைலைச் சரிசெய்ய, அதே ஃபோனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று வேண்டும். அதை மாதிரியாக வைத்துத்தான் சாஃப்ட்வேர் இதை எழுப்பும். மகளின் காதுகுத்து வீடியோ கார்டிலேயே இருந்தது. அதைக் கொடுத்தான்.

எழுந்தது. நாற்பத்தொரு விநாடி. பாறைகள், வெயில், சோலைராஜின் முகம்... "பிரியா, காலைல நான் பேசுனது..." அவன் பின்னால் ஓர் இரைச்சல். அப்புறம் இருட்டு.

முடியாத அந்தப் பேச்சை அவளிடம் எப்படிக் கொடுப்பது? காலையில் வாருங்கள் என்று மட்டும் ஃபோனில் சொன்னான்.

காலையில், அவள் ஃபோனில் ஓடுவதற்குத் தோதாக வீடியோவை மாற்றினான். நீளம் ஆறு நிமிடம் என்று காட்டியது. ஏதோ பிழை என்று மறுபடியும் மாற்றினான். பத்தொன்பது நிமிடம். வேறு சாஃப்ட்வேரில் போட்டான். நாற்பது. கார்டு மேஜை டிராயரில் கிடக்க, கம்ப்யூட்டரில் இருந்த காப்பி வளர்ந்துகொண்டிருந்தது.

"அழிச்சித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள் இந்து.

"ஒருத்தியோட புருசன் குரலையா?"

இந்து மருதாணி கலைவதையும் பார்க்காமல் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

பதினாறு கழியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று வீட்டில் தடுத்தும், சத்யப்பிரியா பத்து மணிக்குக் கடையில் வந்து நின்றாள். முதல் நாற்பத்தொரு விநாடியோடு நிறுத்திவிட எட்வின் நினைத்திருந்தான். அவள் விடவில்லை.

"அவிய சொல்ல வந்ததை முடிச்சிருப்பாவ. தள்ளு தம்பி," என்று மௌஸை வாங்கி, தானே வீடியோவைக் கடைசிவரை நகர்த்தினாள்.

திரையில் இருட்டு. ஸ்பீக்கரில் தண்ணீர்... தண்ணீர் மட்டும்... அதன் நடுவே, மிக அருகில், ஒரு பெண் குரல்.

"இன்னும் கோவமா இருக்கீயளா?"

பிறகு சோலைராஜ், மெதுவாக.

"இல்ல பிரியா... கிட்ட வா."

வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எட்வின் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான்.

"கார்டு உங்க வீட்டுல இருந்தப்போ நீங்க பேசுனது... எப்படியாவது பதிஞ்சிருக்கும்க்கா," என்றான். சொன்னவனுக்கே நம்பிக்கை இல்லை.

சத்யப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் குரல்தான், தம்பி," என்றாள். "ஆனா அவியட்ட நான் இன்னும் இதைக் கேக்கலையே."