ஒரே டோக்கனில் மூன்று பேர்

காலை ஷிப்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேலே 'திரிமூர்த்தி' என்று எழுதிய சாமி படம் ஒட்டியிருந்தது. முன் சீட்டில் இருந்த கான்ட்ராக்ட் கூலிக்காரர், பக்கத்திலிருந்த, கம்பெனி வீட்டில் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ்காரரிடம் அதற்கு அர்த்தம் கேட்டார்.

"சமஸ்கிருதங்க. திரின்னா மூணு, மூர்த்தின்னா உருவம். மூணு உருவமா நிக்கிற ஒரே சாமி."

"வேலைக்குக் குடுக்கிற எங்க டோக்கன் மாதிரிங்களா? நாங்களும் ஒரே பேருல மூணு பேரு, முறை வச்சிகினு வேலைக்குப் போனோம்."

"ஐயய்யோ, மெதுவாப் பேசுங்க! யாரு பேருல?"

"எங்கள்ல ஒருத்தன் போன மாசம் காய்ச்சல்ல செத்துட்டான். அவன் பேருதாங்க. மீதி ரெண்டு பேரும் இன்னும் அதுலதான் போய்கினு இருக்கோம்."

குவார்ட்டர்ஸ்காரர் யாராவது கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அவன் பொண்டாட்டியும் எங்ககூடதாங்க மண்ணு சொமக்குது. மேஸ்திரி அந்தப் பேரைக் கூப்புட்டு, நான் 'இருக்கேன்'னு சொல்றப்ப மட்டும் காதைப் பொத்திக்குது."